தொட்டறியும் வரலாறு

நுழையும்முன்

கல்வெட்டை எதிரே நின்று படிக்கலாம். செப்பேட்டைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்றே அறியலாம். கணினியை அவ்வாறு பார்த்து மட்டும் அறிந்துகொள்ள முடியுமா? அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணினிகளைப் பழுதுநீக்கி, மீண்டும் இயக்கி, பொதுமக்களின் கையிலேயே ஒப்படைக்கும் அருங்காட்சியகங்கள் உலகில் சில உள்ளன. அங்கு நடைபெறும் செய்முறைகளையும் அவற்றின் பின்னுள்ள உழைப்பையும் சிக்கலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அருங்காட்சியகம் என்றவுடன் 'தொடாதீர்கள்' என்னும் அறிவிப்புப் பலகையே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அவ்வறிவிப்பில் நியாயம் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்த செப்புத் திருமேனியை நாள்தோறும் நூறு பேர் தொட்டால், அதன் நுண்வேலைப்பாடு சில தலைமுறைகளில் மழுங்கிப்போகும். ஆனால், செப்புத் திருமேனி அசையாமல் நின்றே தன் அழகை உணர்த்திவிடுகிறது. கணினியின் இயல்பு வேறு. அதன் சிறப்பு உருவத்தில் இல்லை, செயலில் இருக்கிறது. மின்சாரம் நின்றுபோன கணினி, பூட்டிய இரும்பு அலமாரியைப் போன்றது. அது என்ன செய்தது, எவ்வளவு விரைவாகச் செய்தது, அதனருகே நின்று பணியாற்றியவர்கள் எவ்வளவு இரைச்சலைத் தாங்கினார்கள், ஓர் எழுத்துப் பிழைக்காக எவ்வளவு நேரம் இழந்தார்கள் என்பவற்றில் எதையும் அவ்வலமாரி பேசுவதில்லை.

எனவே, கணினியைக் காட்சிப்படுத்துவோர் முன் ஓர் இக்கட்டு எப்போதும் நிற்கிறது. இயந்திரத்தை இயக்கினால் தேயும்; இயக்காவிட்டால் விளங்காது. இவ்விரண்டுக்கும் இடையில் வழிகாண முயன்றவர்களின் கதை சுவையானது.

உள்ளே நடந்து பார்த்த கணினி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மவுண்டன் வியூ என்னும் நகரில், கணினி வரலாற்று அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கணினித் தொழில் செழித்த சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே அது இருந்தாலும், அதன் வேர் அந்நாட்டின் கிழக்குக் கரையில் ஊன்றியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினி நிறுவனத்தின் ஆதரவில், 1979ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிறிய அளவில் தோன்றிய அருங்காட்சியகம், 1984இல் பாஸ்டன் நகருக்கு இடம்பெயர்ந்தது.

பாஸ்டனில் இருந்தபோது, 1990இல், அது துணிச்சலான ஒரு செயலைச் செய்தது. மேசைக்கணினி ஒன்றை இரண்டு மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி அமைத்தது. அதன் விசைப்பலகை மட்டுமே 25 அடி நீளம். பார்வையாளர்கள் பெரியதோர் உருளைப்பந்தைக் கைகளால் உருட்டி இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுப்பார்கள்; இடைப்பட்ட வழி பெருந்திரையில் விரியும். பிறகு அவர்கள் கணினியின் உள்ளேயே நுழைந்து, செயலகம், நினைவகம், வட்டு என ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் நின்று பார்க்கலாம். விரல் நுனியில் அடங்கும் சில்லு அங்கே சுவரளவு நின்றது. அதைக் கண்டு வெளியேறிய சிறுவர்களுக்குக் கணினி என்பது மாயப்பெட்டி அன்று, பல உறுப்புகள் கூடி உழைக்கும் ஓர் அமைப்பு என்பது எவரும் சொல்லாமலேயே விளங்கியிருக்கும்.

பாஸ்டன் அருங்காட்சியகம் 1999இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே அதன் வரலாற்றுச் சேகரிப்பு கலிஃபோர்னியாவை நோக்கிப் பயணப்பட்டிருந்தது. மவுண்டன் வியூவின் இன்றைய அருங்காட்சியகம் அச்சேகரிப்பின்மேல் எழுந்ததே. அங்கே பெரிதாக்கிய மாதிரிகளுக்குப் பதிலாக, உண்மையான பழைய இயந்திரங்களையே உயிர்ப்பிக்கும் பணி தொடங்கியது.

துளையட்டையில் ஒரு பெயர்

அவ்வருங்காட்சியகத்தின் ஒரு கூடத்தில் ஐபிஎம் 1401 வகைக் கணினிகள் இரண்டு இயங்குகின்றன. 1959ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இக்கணினி, அலுவலகங்களுக்குள் கணினியைப் பரவலாகக் கொண்டுசென்ற இயந்திரம். இவ்வகையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உருவாக்கப்பட்டன. வங்கிக் கணக்கு, ஊதியப் பட்டியல், காப்பீட்டுத் தவணை, கிடங்கு இருப்பு எனப் பேரேடுகளில் எழுத்தர்கள் எழுதிவந்த கணக்குகள் இதன்வழியே இயந்திரத்துக்கு மாறின. அதன் நினைவகத்தில் அடங்கக்கூடியவை மிகுதியும் 16,000 எழுத்துகளே. இப்பாடத்தின் எழுத்துகள் அனைத்தையும் அதற்குள் அடக்குவது அரிது.

இங்கு வருவோர் வெறும் பார்வையாளராக நின்றுவிடத் தேவையில்லை. மேசையளவுள்ள துளையிடும் பொறியின் முன் அமர்ந்து, தம் பெயரைத் தாமே ஓர் அட்டையில் துளையிடலாம். விசையை அழுத்தும்போதெல்லாம் 'டக்' என்ற ஓசையுடன் கத்திகள் அட்டையைத் துளைக்கின்றன. அட்டை ஒரு பத்தி நகர்கிறது. விசைக்கும் துளைக்கும் இடையே மறைவு ஏதுமில்லை. எழுத்து என்பது அங்கே ஒளிப்புள்ளியன்று. கையால் தடவி உணரத்தக்க ஓட்டை.

பலரும் இங்கே ஒரு பிழை செய்வதுண்டு. இன்றைய விசைப்பலகையில் பழகிய விரல், தவறான எழுத்தை அழுத்தியவுடன் அழிக்கும் விசையைத் தேடும். அட்டையில் விழுந்த துளையை அழிக்கவோ அடைக்கவோ இயலாது. புதிய அட்டையை எடுத்து, பழைய அட்டையின் பிழையற்ற பகுதியைப் பொறியின் துணையால் படியெடுத்து, பிழை நேர்ந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஆயிரக்கணக்கான அட்டைகளை நாள்முழுதும் துளையிட்ட பணியாளர்களின் பொறுமையும் விரல்நுட்பமும் எத்தகையவை என்பது, தம் பெயரிலுள்ள எட்டு எழுத்துகளைப் பிழையின்றித் துளையிட முயன்றவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். இதை எத்தனை பக்கங்களில் எழுதினாலும் உணர்த்துவது கடினம்.

துளையிட்ட அட்டைகள் அடுத்து அட்டைபடிப்பானுக்குச் செல்கின்றன. அது நிமிடத்துக்கு 800 அட்டைகளைப் படிக்கவல்லது. அட்டைகள் பாயும் வேகத்தில் எழும் இரைச்சல் கூடத்தை நிறைக்கும். தொடர்ந்து அச்சுப்பொறி முழங்கத் தொடங்கும். அதனுள் எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வேண்டிய எழுத்து வேண்டிய இடத்தைக் கடக்கும் நொடித்துணுக்கில், பின்னாலுள்ள சிறு சுத்தியல் தாளை அடிக்கிறது. ஒரு வரிக்கு 132 எழுத்துகள். நிமிடத்துக்கு 600 வரிகள். தம் பெயர் அத்தாளில் அச்சாகி வெளிவருவதைக் கண்டு முகமலரும் சிறுவரும் முதியவரும் அங்கே உண்டு. முதியவர்களுள் சிலர் தம் இளமையில் இப்பொறிகளிலேயே பணியாற்றியவர்கள்.

தெரிந்து தெளிவோம்

துளையட்டையில் 80 பத்திகளும் 12 வரிசைகளும் உண்டு. மேலிருந்து முதல் வரிசை 12 என்றும், அடுத்தது 11 என்றும், பின்வருபவை 0 முதல் 9 வரை என்றும் எண்ணிடப்பட்டுள்ளன. ஓர் எண்ணுக்கு ஒரு துளை போதும். ஆங்கில எழுத்துக்கு இரு துளைகள் வேண்டும். 'ஏ' முதல் 'ஐ' வரை: 12உடன் 1 முதல் 9. 'ஜே' முதல் 'ஆர்' வரை: 11உடன் 1 முதல் 9. 'எஸ்' முதல் 'இசட்' வரை: 0உடன் 2 முதல் 9. ஆகவே 'ஏடிஏ' என்னும் மூன்றெழுத்துப் பெயரை 12-1, 12-4, 12-1 எனத் துளையிட வேண்டும். கட்டமிட்ட ஓர் அட்டையில் பென்சிலால் வட்டமிட்டு, தம் பெயரை இம்முறையில் எழுதி, பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

தெரியுமா?

மவுண்டன் வியூ அருங்காட்சியகம் அமைந்துள்ள தெருவில் அதன் கதவெண் 1401. அங்கு இயங்கும் கணினியின் எண்ணும் அதுவே.

தொடும் உரிமை

ஐபிஎம் 1401 போன்ற கணினிகள் கோலோச்சிய காலத்தில், நிரல் எழுதியவர் பெரும்பாலும் கணினியைத் தொட்டதே இல்லை. அட்டைக்கட்டைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். பல மணிநேரம் கழித்தோ மறுநாளோ விடைத்தாள் வரும். ஓர் அட்டையில் பிழையிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச்செய்தி வரும்; மீண்டும் திருத்தம், மீண்டும் வரிசை. கணினி விலைமதிப்புமிக்க பொருள்; மனிதரின் நேரம் அதனினும் மலிவானது என்று கருதப்பட்ட காலம் அது.

அருங்காட்சியகத்தின் மற்றொரு கூடத்திலுள்ள பிடிபி-1 என்னும் கணினி, இந்நிலை மாறத் தொடங்கியதற்குச் சான்று. 1959இல் அறிமுகமான இவ்வியந்திரத்தின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். மொத்தம் 53 மட்டுமே உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை வந்தடைந்தது. அதன் முன் மாணவர்கள் நேரடியாக அமர்ந்தார்கள். விசையை அழுத்தினால் அக்கணமே விடை, வட்டத்திரையில் ஒளிப்புள்ளிகள். நள்ளிரவு கடந்தும் அவ்வறையை விட்டு அகலாத இளைஞர்கள் அங்கே உருவானார்கள்.

அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ரஸ்ஸல், நண்பர்களின் துணையுடன் 1962இல் உருவாக்கியதே 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டு. நடுவில் ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் சிக்காமல் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். ஒன்றன் பெயர் ஊசி. மற்றொன்றன் பெயர் ஆப்பு. ஈர்ப்புவிசையைச் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ். பின்புலத்தில் மெய்யான இரவு வானின் விண்மீன்களை அவற்றின் இடத்திலேயே பொருத்தியவர் பீட்டர் சாம்சன். விளையாடுவோர் கணினியின் முகப்புப் பொத்தான்களை மாறிமாறி அழுத்தியதால் முழங்கைவலி கண்டதும், ஆலன் கோட்டாக், பாப் சாண்டர்ஸ் ஆகியோர் கையடக்கமான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். பிற்கால விளையாட்டுக் கருவிகளின் முன்னோடிகளில் அவையும் அடங்கும்.

மவுண்டன் வியூவில் பார்வையாளர்கள் அதே வகைக் கணினியில், அதே விளையாட்டை ஆடுகிறார்கள். இன்றைய கணினித்திரையிலும் ஸ்பேஸ்வாரை ஆடலாம். அதற்கான போலிநிரல்கள் உள்ளன. ஆனால், பழைய வட்டத்திரையின் பாஸ்பரப் பூச்சு ஒளிப்புள்ளியை உடனே மறைப்பதில்லை. கலம் கடந்துசென்ற பாதையில் மஞ்சள் கலந்த பசுமையொளி சிறிது நேரம் தங்கி, மெல்ல மங்குகிறது. கலம் வால்மீன்போல் தடம்விட்டுச் செல்லும் அக்காட்சியை அன்று அதை உருவாக்கியவர்கள் கண்டார்கள். அதைக் காண அத்திரையே வேண்டும். ஸ்டீவ் ரஸ்ஸலும் பீட்டர் சாம்சனும் முதுமையில் இக்கூடத்துக்கு வந்து, தம் கைவண்ணத்தைப் பார்வையாளர்களுக்குத் தாமே விளக்கியிருக்கிறார்கள். ஒரு கலைப்பொருளைப் படைத்தவரே அதனருகே நின்று கற்பிக்கும் பேறு வேறு எந்த அருங்காட்சியகத்துக்கு எளிதில் வாய்க்கும்?

பழுதுநீக்கலின் அறம்

இவ்வியந்திரங்கள் தாமாக உயிர்பெற்றுவிடவில்லை. 1401 கணினிகளில் ஒன்று ஜெர்மனியிலிருந்தும், மற்றொன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்தும் வந்தன. பல்லாண்டுகள் உறங்கிய இயந்திரத்தில் மின்தொடர்புகள் துருவேறியிருக்கும். இரப்பர் உருளைகள் இறுகியோ இளகியோ போயிருக்கும். டிரான்சிஸ்டர்கள் எங்கெங்கே செயலிழந்தன என்பதை ஒவ்வொன்றாகத் தேடித்தான் அறிய வேண்டும். ஜெர்மனி இயந்திரம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு உரியது. அமெரிக்காவில் கிடைப்பதோ 60 ஹெர்ட்ஸ். அதற்கெனத் தனி மாற்றமைப்பு தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தாம் இளமையில் பழுதுபார்த்த இயந்திரங்களைத் தேடி வந்து, ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

இத்தகைய பணியை எல்லாரும் வரவேற்பதில்லை. பழுதான உறுப்பை மாற்றும்போது பழைமையின் ஒரு துளி மறைந்துபோகிறது என்று வாதிடும் காப்பாளர்கள் உண்டு. அவர்களின் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. அசல் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, ஒருநாள் முழுவதும் புதிதாகிவிட்ட இயந்திரத்தைப் பழையது என்று எப்படி அழைப்பது? எனவே, பொறுப்புள்ள பழுதுநீக்குவோர் சில கட்டுப்பாடுகளைத் தமக்கு விதித்துக்கொள்கிறார்கள். மிகக்குறைந்த மாற்றமே செய்ய வேண்டும். செய்த மாற்றத்தைப் பின்னாளில் நீக்கக்கூடியதாக வைக்க வேண்டும். எடுத்த பாகத்தைத் தூக்கியெறியாமல் குறிப்பெழுதிப் பாதுகாக்க வேண்டும்.

எண்ணிக்கையும் இதில் ஒரு துணை. எஞ்சியுள்ளனவாக அறியப்படும் பிடிபி-1 கணினிகள் மூன்றும் இவ்வருங்காட்சியகத்திடமே இருக்கின்றன. அதனால் ஒன்றை இயக்கவும் மற்றவற்றைத் தொடாமல் காக்கவும் முடிகிறது. உலகில் ஒன்றே எஞ்சிய இயந்திரமாயின் முடிவு இவ்வளவு எளிதாக இராது.

எரிக்கப்பட்ட வரைபடங்கள்

ஒன்றுகூட எஞ்சாதபோது என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடைதேடியது இங்கிலாந்து. அந்நாட்டின் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில், இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியரின் மறைகுறிச் செய்திகளை உடைக்கும் பணி நடைபெற்றது. டாமி பிளவர்ஸ் என்னும் அஞ்சல்துறைப் பொறியாளர் வடிவமைத்த கொலோசஸ் என்னும் மின்னணுக் கணிப்பொறி 1944இல் அங்கே இயங்கத் தொடங்கியது. போர் முடிந்ததும் இரகசியம் காக்கும்பொருட்டு அவ்வியந்திரங்களில் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டன. 1960இல் வரைபடங்களும் எரிக்கப்பட்டன.

1993இல் டோனி சேல் என்பவர் தம் குழுவினருடன் அதை மறுஆக்கம் செய்யத் தொடங்கினார். கைக்குக் கிடைத்தவை 1945இல் எடுக்கப்பட்ட எட்டு ஒளிப்படங்களும், பொறியாளர்கள் விதியை மீறித் தம்மிடம் வைத்திருந்த சில மின்சுற்றுத் தாள்களுமே. விதிக்குப் பணிந்தவர்களால் அழிந்த வரலாறு, பணியாத சிலரால் பிழைத்தது. ஏறத்தாழ 2,500 வெற்றிடக் குழல்களுடன் 2007இல் மறுஆக்கம் நிறைவுற்றது.

அவ்வாண்டு நவம்பரில் பொதுமக்களும் பங்கேற்கத்தக்க ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் பேடர்போர்ன் நகரிலுள்ள கணினி அருங்காட்சியகத்திலிருந்து, போர்க்கால லோரன்ஸ் பொறியால் மறைக்கப்பட்ட செய்திகள் வானொலி அலைகளில் அனுப்பப்பட்டன. யார் வேண்டுமானாலும் அவற்றைப் பிடித்து, கொலோசசுக்கு முன்பாக உடைத்துக்காட்டலாம். பான் நகரைச் சேர்ந்த யோவாகிம் ஷூத் என்னும் நிரலாளர் வென்றார். தாமே எழுதிய நிரலால், அவருடைய மடிக்கணினி மறைகுறிப் பொறியின் பன்னிரு சக்கரங்களின் அமைப்பையும் 46 நொடிகளில் கண்டறிந்தது. கொலோசஸ் தன் பங்குக்கு 3 மணி 35 நிமிடங்களில் பணியை முடித்தது. அறுபது ஆண்டு இடைவெளியை எண்ணிப் பார்த்தால், தோற்றவரின் பெருமைதான் மிகுதியாகத் தோன்றும்.

மெதுவாக இயங்குவதன் பயன்

கொலோசஸ் உள்ள அதே வளாகத்தில் தேசியக் கணினி அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்குள்ள ஹார்வெல் டெக்கட்ரான் கணினியே, அசல் நிலையில் இன்றும் இயங்கும் எண்முறைக் கணினிகளுள் மிகப் பழையது. 1951இல் பணியைத் தொடங்கிய அது, ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கிட்டது. பிறகு 1957 முதல் 1973 வரை வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிக் கருவியாக இருந்தது. அங்கே அது 'விட்ச்' என்று அழைக்கப்பட்டது. பின்னர்க் காட்சிப்பொருளாகவும் கிடங்குப்பொருளாகவும் கிடந்து, மூன்றாண்டுப் பழுதுநீக்கலுக்குப் பின் 2012 நவம்பர் 20 அன்று மீண்டும் உயிர்பெற்றது. எடை இரண்டரை டன்.

இரண்டு எண்களைப் பெருக்க இதற்கு ஐந்து முதல் பத்து நொடிகள் வேண்டும். அதன் காலத்திலேயே அது மெதுவான இயந்திரம்தான். கையால் சுழற்றும் கணக்கிடும் கருவியுடன் ஒருவர் அதற்கு எதிராகப் போட்டியிட்டு, அரைமணி நேரம் ஈடுகொடுத்ததாகவும், களைத்து அவர் எழுந்துசென்ற பின்னும் இயந்திரம் அதே சீரில் தொடர்ந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. விரைவைவிட ஓயாமையே அதன் வலிமை.

அந்த மெத்தனமே இன்று அதனைச் சிறந்த ஆசிரியர் ஆக்கியிருக்கிறது. அதன் 828 டெக்கட்ரான் குழல்களில், எண்கள் ஒளிப்புள்ளியாகச் சுழல்கின்றன. புள்ளி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே அக்குழல் நினைவில் வைத்துள்ள இலக்கம். கூட்டல் நடக்கும்போது ஒரு குழலின் புள்ளி நகர்வதையும், ஒன்பதைத் தாண்டியவுடன் அடுத்த குழலுக்கு 'மிச்சம்' செல்வதையும் கண்ணால் தொடரலாம். தொடக்கப்பள்ளியில் சிலேட்டில் போட்ட கணக்கு அங்கே இரும்பாலும் ஒளியாலும் நிகழ்கிறது. நொடிக்குக் கோடிக்கணக்கில் கணக்கிடும் கைப்பேசி இதை ஒருபோதும் காட்டாது. அதன் விரைவே அதன் திரை.

அவ்வருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளி மாணவர்களுக்கு மற்றொரு பயிற்சியும் உண்டு. 1981இல் வெளிவந்து பிரித்தானியப் பள்ளிகளில் பரவிய பிபிசி மைக்ரோ கணினிகள் ஓர் வகுப்பறையில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. மின்பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு குறி மின்னும். படங்களோ பட்டியல்களோ தோன்றா. கட்டளை இட்டாலொழியக் கணினி எதுவும் செய்யாது. இரண்டு வரி நிரல் எழுதி, தம் பெயர் திரையெங்கும் ஓடுவதைக் காணும் மாணவர், பயன்படுத்துபவர் என்னும் நிலையிலிருந்து ஆணையிடுபவர் என்னும் நிலைக்குச் சில நிமிடங்களில் நகர்கிறார்.

பழையதைப் பழுதுநீக்குதல், அழிந்ததை மறுஆக்கம் செய்தல் ஆகியவற்றோடு, புதிதாகப் பெரிதாக்கிக் காட்டும் வழியும் தொடர்கிறது. கேம்பிரிட்ஜ் நகரின் கணினி வரலாற்று மையத்தில் வைக்கப்பட்ட 'மெகாபிராசசர்', ஜேம்ஸ் நியூமன் என்பவர் தனி ஒருவராக உருவாக்கியது. சில்லுக்குள் மறையும் செயலகத்தை, ஏறத்தாழ 40,000 டிரான்சிஸ்டர்களையும் 10,000 ஒளிவிளக்குகளையும் கொண்டு, 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவராக 2016இல் அவர் நிறைவுசெய்தார். அச்சுவரில் ஓடும் செந்நிற ஒளிகளின்வழி தரவு எங்கே செல்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே டெட்ரிஸ் விளையாடலாம்.

கதவடைத்த கூடம்

செய்முறை அருங்காட்சியகங்களின் நிலை எப்போதும் உறுதியானதன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான பால் ஆலன், சியாட்டில் நகரில் 'உயிருள்ள கணினிகள்' என்று பொருள்படும் பெயரில் அமைத்த அருங்காட்சியகம் 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பழைய பெருங்கணினிகள் நாள்தோறும் இயங்கின. நேரில் வருவோர் விசைப்பலகையின் முன் அமரலாம். தொலைவிலிருப்போர் கணக்குப் பெற்று இணையம்வழி அக்கணினிகளில் நிரல் எழுதலாம். தொடும் உரிமையை இவ்வளவு தாராளமாக வழங்கிய இடம் அரிது.

பால் ஆலன் 2018இல் மறைந்தார். பெருந்தொற்றுக் காலமான 2020இல் அக்கூடம் மூடப்பட்டது. மீண்டும் திறக்கப்படாது என்ற அறிவிப்பு 2024இல் வந்தது. சேகரிப்பின் ஒரு பகுதி ஏலத்துக்குச் சென்றது. பொருளை வாங்கியவர் அதைப் பத்திரமாகவே வைத்திருக்கக்கூடும். ஆயினும், ஒவ்வொரு நாளும் அதை இயக்கி, அதன் ஓசையின் மாறுபாட்டைக் கொண்டே பழுதைக் கண்டறிந்த கைகளை ஏலத்தில் எடுக்க இயலாது. ஒருவரின் செல்வத்தை மட்டும் நம்பிய நிறுவனத்துக்கும், பலரின் உழைப்பில் நிற்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது.

கைமாறும் திறன்

கையேடுகள் கிடைக்கின்றன; மின்சுற்று வரைபடங்களும் கிடைக்கின்றன. ஆனால், அட்டைபடிப்பான் சிக்கிக்கொள்வதற்கு முன் அதன் ஒலி எவ்வாறு மாறும், அட்டைக்கட்டை எப்படி விசிறித் தட்டினால் ஒட்டாமல் செல்லும் என்பவை எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இத்தொழில் நன்கு அறியும். 1960களில் பணியாற்றியவர்கள் இன்று மிக முதியவர்கள். எனவே, மவுண்டன் வியூ போன்ற இடங்களில் பொதுமக்களுக்கான செய்முறை விளக்கம், அடுத்த தலைமுறைத் தன்னார்வலருக்கான பயிற்சிக்களமாகவும் அமைகிறது.

கென் ஷிரிஃப் என்னும் பொறியாளர் அவ்வாறு பிற்காலத்தில் 1401இன் நுட்பங்களைக் கற்றவர். அவர் 2015இல் அக்கணினிக்குப் புதிய நிரல் ஒன்றை எழுதினார். மேண்டல்பிராட் கணம் என்னும் கணித உருவத்தை வரைவதற்கான நிரல் அது. அவ்வுருவம் கணினியில் முதன்முதலாக வரையப்பட்டது 1970களின் இறுதியில்தான். 1401 கணினியின் உற்பத்தி அதற்கு முன்பே நின்றுவிட்டது. தன் காலத்தில் இல்லாத ஒரு கணக்கு துளையட்டைகளில் ஏறி, அவ்வியந்திரத்துக்குள் சென்றது. சங்கிலி சுழல, சுத்தியல்கள் அடிக்க, எழுத்துகளாலேயே ஆன அவ்வுருவம் வரிவரியாகத் தாளில் வளர்ந்தது. அது முழுமையாக அச்சாகி முடிவதற்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின.